நாற்பத்திரண்டு வயசுக்காரியைப் பதினாறாக்காதடி

மதுரை

அன்புள்ள மீனா,

இங்க எல்லாரும் சுகம். பெரியக்கா பேத்திக்கு வைகாசியில காதுகுத்து. ராஜி இன்னும் உன் மேல கோபமாத்தான் இருக்கா, நீயே பேசிக்க.

நீ எழுதுற நாவல் வந்து சேர்ந்துச்சு. ராணி மங்கம்மாள் காலத்துச் சத்திரத்தைத் தனியாளாக் கட்டி மேய்க்கிற நாற்பத்திரண்டு வயசு விதவை! இப்படி ஒருத்திக்காகத்தான இத்தனை வருஷமா நாம புலம்புனோம்? ஆனா கணக்குப்பிள்ளை வந்ததும் அவளுக்குப் பதினாறு வயசாயிருது. கன்னம் சிவக்குது, கால்விரல் கோலம் போடுது. எட்டுப் பெத்து மூணைத் தக்கவச்சவடி அவ.

அவ வயசையே காதலுக்குப் பயன்படுத்து. நாற்பதுக்கு மேல கிட்டத்துல இருக்கிறது மங்கலாத் தெரியும். விளக்கு வெளிச்சத்துல கணக்கோலையைக் கை நீட்டித் தள்ளிப் பிடிச்சுத்தான் படிப்பா. எழுத்தாணியால கீறுனது அப்படியே பார்த்தாச் சரியாத் தெரியாது. கரியை எண்ணெயில குழைச்சுத் தடவித் துடைச்சா, கீறல்ல மட்டும் கறுப்பு நிக்கும். கணக்குப்பிள்ளை ஒண்ணும் சொல்லாம பழைய ஓலைக்கெல்லாம் மறுபடி மை தடவட்டும். புது ஓலையில ஆறு வரிக்குப் பதிலா மூணே வரி, பெரிய எழுத்தா எழுதட்டும். கட்டு ரெண்டு மடங்கு தடிக்கும். ஓலைச் செலவு ஏன் கூடுதுன்னு அவ சத்தம் போடுவா. அப்புறம்தான் புரியும். உன் நிலாமுற்றக் காட்சியை விட இது மனசுல நிக்கும்.

குறுந்தொகை 167-ஐ எடுத்துப் பாரு. தயிர் பிசைஞ்ச விரலைத் துணியில துடைச்சுக்கிட்டு, தாளிப்புப் புகை கண்ணுல ஏற, பொண்டாட்டி ஆக்குன புளிக்குழம்பைப் புருஷன் இனிதுன்னு சாப்பிடுறான். அவ முகம் லேசா மலருது. பாடுன கூடலூர் கிழார் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

கடத்திட்டுப் போற குதிரைக்காரனைத் தூக்கிரு. தடை வீட்டுக்குள்ளயே இருக்கு. அறுத்துக்கட்டுற, அதாவது பழைய தாலியை விட்டு மறுதாலி கட்டிக்கிற வழக்கமுள்ள குடியில அவளை வை, நம்ம பக்கம் அதுக்குப் பஞ்சமில்லை. ஊர் ஒத்துக்கும். மூத்த மகன்தான் ஒத்துக்க மாட்டான். அவன் கெட்டவனில்லை, சாவிக்கொத்து யார் இடுப்புக்குப் போகுமோன்னு பயம். மறுதாலி கட்டுனா முதல் புருஷன் சொத்து பெரும்பாலும் கைவிட்டுப் போகும், பிள்ளைகளும் அவங்கப்பன் வீட்டோடதான். இந்த இடத்துல அவசரப்படாத மீனா. அவ எதையெல்லாம் விட்டுட்டு வர்றான்னு ஒவ்வொண்ணா எழுது.

அரண்மனையை ஏன் மதுரையில வச்ச? 1689-ல மகன் இறந்து, கைக்குழந்தைப் பேரனுக்காக மங்கம்மாள் ஆட்சியை ஏத்துக்கிட்டப்போ தலைநகரம் திருச்சி. மதுரையில இருந்து கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். மாட்டுவண்டி ஒரு நாளைக்கு 25, 30 போனாலே பெருசு. காலையில போன ஆள் ராத்திரியே பதிலோட வர்றது எப்படி? வண்டி போய்வரவே பத்து நாள் வேணும். அந்தப் பத்து நாளும் அவ சந்தேகத்தோட அரிசி அளந்து போட்டுக்கிட்டு இருக்கட்டும்.

தக்காளி ரசம் வேண்டாம், அப்போ நம்ம அடுப்படிக்குத் தக்காளி வரலை. மிளகு ரசம் வை.

மகன் பேசுற அத்தியாயத்தை முதல்ல எழுதி அனுப்பு. மத்ததெல்லாம் அப்புறம்.

உன்,
செல்வி