இடது கையால் எழுது

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ தொலைபேசியில் சொன்னது இன்னும் மனதைவிட்டு அகலவில்லை. அலுவலகக் கூட்டத்தில் காட்டிய கணக்கில் பிழை இருப்பது உன் கண்ணில் பட்டிருக்கிறது. எட்டுப் பேரும் சரியென்று தலையாட்டியதும் நீயும் ஆட்டிவிட்டாய். "எனக்குத்தான் தவறாகத் தெரிகிறதோ என்று தோன்றிவிட்டது அப்பா" என்றாய்.

அந்தச் சந்தேகத்தை உனக்குள் முதலில் விதைத்தவன் நான்தான். அப்போது உனக்கு ஐந்து வயது. நீ பென்சிலை இடது கையில் எடுப்பாய். நான் பிடுங்கி வலது கையில் திணிப்பேன். நாலு பேரைப் போல இருந்துவிட்டால் பிள்ளை கஷ்டப்படாது என்று நினைத்தேன். உலகில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒருவர் இடது கைக்காரர். அது கெட்ட பழக்கமல்ல, உடம்பின் இயல்பு. ஓர் இரவு நீ தூங்கும்போது பார்த்தேன்: உன் இடது கையின் சுண்டுவிரல் ஓரம் முழுக்கப் பென்சில் கரி. எழுதிய வரியின் மேலேயே கை உரசிக்கொண்டு போனால்தான் அப்படி ஒட்டும். எனக்குத் தெரியாமல் உன் கையால் எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்த பிறகும் நான் ஒரு வருடம் நிறுத்தவில்லை. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. மன்னித்துவிடு, அம்மா.

1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்றில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். சுற்றியிருந்தவர்கள் முன்கூட்டியே பேசிவைத்தபடி தவறான கோட்டைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் சுமார் நாலில் மூன்று பேர் ஒரு முறையாவது அதையே திருப்பிச் சொன்னார்கள். ஆகவே நீ கோழை இல்லை. ஆனால் அந்த அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, கூட்டத்தோடு ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. நான் திரும்பத் திரும்ப நினைப்பது அந்த ஒருவரைத்தான்.

எல்லாவற்றிலும் தனித்து நில் என்று சொல்லமாட்டேன். உடுப்பதில், பேசும் தோரணையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கண்ணால் கண்டதை மட்டும் விட்டுக்கொடுக்காதே. அன்று தலையாட்டியவர்களில் இன்னொருவருக்கும் அந்தப் பிழை தெரிந்திருக்கலாம். யாராவது வாய் திறப்பார்களா என்று உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். நாளைக்கே போய்ச் சொல். தாமதமானாலும் பரவாயில்லை.

இதற்குப் பதிலை நீ கைப்பட எழுதி அனுப்ப வேண்டும். இடது கையால். எழுத்து கோணினாலும், மை இழுபட்டிருந்தாலும் அப்படியே அனுப்பு.

அன்புடன்,
அப்பா