மூன்று வரி மேலே இருந்து

நாகர்கோவில்,
ஞாயிறு காலை

அன்பு மக்களே,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னது மனசிலேயே கிடக்கிறது. பன்னிரண்டு பக்க ஆய்வுக் கட்டுரை, மூன்று நாளாக இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை என்றாய். கண் வரிமேல் ஓடுகிறது, பக்கம் முடிந்த பிறகுதான் ஒன்றுமே ஏறவில்லை என்று தெரிகிறது என்றாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்கு மூளையில ஏதாவது கோளாறாப்பா?" என்று கேட்டாய். பக்கத்தில் உங்க அம்மா இருந்தாள். நான், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். அப்படி மழுப்பியிருக்கக் கூடாது. அதனால்தான் இந்தக் கடிதம். எனக்குப் போனில் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் அடித்துத் திருத்தலாம், தொழில் பழக்கம்.

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர் எழுதியதைப் படித்தே சோறு தின்றவன் நான். கவிதைத் தொகுப்பு, கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் மெஷினுக்குப் போகும். புரூஃப் பார்க்கிறவனுக்கு, அதாவது அச்சேறுமுன் பிழை திருத்துகிறவனுக்கு, கவனம் சிதறாது என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. எல்லாருக்கும் போல எங்களுக்கும் சிதறும். எங்கள் சிதறல் மட்டும் அச்சில் ஏறி வீடு வீடாகப் போய்விடும், அவ்வளவுதான்.

அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கதையை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். 1983 ஜூன் 25, சனிக்கிழமை. ஆனி மாதம். ஆடி பிறக்குமுன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ஊரே அவசரப்படும் நேரம், பிரஸ்ஸில் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது. ராத்திரியும் டிரெடில் அச்சு மெஷின் ஓடியது. எதிர் டீக்கடையில் ரேடியோ. லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நம் ஆட்கள் 183 ரன்னுக்கு மொத்தமாக அவுட். இனி என்ன இருக்கிறது என்று எல்லாரும் வேலையில் உட்கார்ந்துவிட்டோம். என் முன்னால் மை காயாத ஒரு புரூஃப். வெஸ்ட் இண்டீஸின் ரிச்சர்ட்ஸ் விளாசிக்கொண்டிருந்தார். திடீரென்று டீக்கடையில் ஒரு கூச்சல். கபில்தேவ் பின்பக்கமாக ஓடிப்போய்ப் பிடித்த அந்தக் கேட்ச். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். ஐந்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தேன், மிச்சத்தைப் படித்தேன், கையெழுத்துப் போட்டேன்.

'மணமகள் இல்லத்தில்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மணமகன் இல்லத்தில்' என்று இருந்தது. ஒரே ஒரு எழுத்து. பெண் வீடு சுசீந்திரம், பையன் வீடு தக்கலைப் பக்கம். 600 பத்திரிகை அடித்துக் கட்டும் கட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை கட்டைப் பிரித்துப் பார்த்த பெண்ணின் தாய்மாமன் கண்டுபிடிக்காவிட்டால், சனம் முழுக்க முகூர்த்தத்துக்குத் தக்கலையில் போய் இறங்கியிருக்கும். மறுபடி அடித்துக் கொடுத்தார்கள். பேப்பர் காசு என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தம்.

நான் பழியைக் கூச்சலின் மேல் போட்டேன். ஃபோர்மேன் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "கூச்சல் கேட்டப்பம் நீ மேஜையிலயே இல்லல்லா. திரும்பி வந்து இருந்த பொறவுதாம் டே விட்டிருக்கே" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது. உடம்பு நாற்காலிக்கு வந்துவிட்டது, மனசு டீக்கடை வாசலிலேயே நின்றது. அதோடு, விட்ட இடம் என்று நான் நினைத்துத் தொடங்கியதும் விட்ட இடம் இல்லை. இரண்டு வரி தாண்டியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குள்தான் அந்த 'ன்' உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு அண்ணாச்சி ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொடுத்தார். எழுந்திருக்க வேண்டி வந்தால் படித்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. திரும்பி வந்தால் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கக் கூடாது. மூன்று வரி மேலே போய்த் தொடங்க வேண்டும். இந்த மூன்று வரியை மனசு வந்து சேர்வதற்கான நேரம் என்று வைத்துக்கொள். போன வருஷம் ஒரு உளவியல் புத்தகத்துக்குப் புரூஃப் பார்த்தபோது இதற்கு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சோஃபி லெராய் என்ற பேராசிரியை 2009-இல் எழுதியது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் நினைப்பில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புதிய வேலை அந்த அளவுக்கு மட்டமாகிறது என்கிறார். அதை அந்த மொழிபெயர்ப்பாளர் 'கவன மிச்சம்' என்று போட்டிருந்தார். நல்ல சொல். ஓரத்தில் ஒரு டிக் போட்டேன், அது என் வேலை இல்லை என்றாலும்.

"அஞ்சு நிமிஷந்தாம்ப்பா மெசேஜ் பார்த்தேன்" என்கிறாயே, அந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் கணக்கில் வைக்காதே. வந்து உட்கார்ந்த பிறகு டீக்கடை வாசலில் நிற்கிற நேரம் இருக்கிறதே, பெரும் செலவு அதில்தான்.

கண் ஓடியும் ஒன்றும் ஏறாத விஷயத்துக்கு வருகிறேன். அது கோளாறு இல்லை மக்களே, பழக்கம். மனசு எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. பழகிய வடிவத்தைப் பார்த்ததும் 'தெரியும்' என்று தாண்டிவிடும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததே, அடுத்த வருஷம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். தும்பிக்கை வைத்த பழைய லையும் னையும், அச்செழுத்துகளைப் போட்டு வைக்கும் கேஸில் அப்போதும் கிடந்தன. ஒரே வரியில் பழைய 'லை' ஒன்று, புதிய 'லை' ஒன்று என்று நிற்கும். இரண்டையும் ஒன்றாகவே படித்துக்கொண்டு போவேன், கண்ணுக்கு வித்தியாசமே படாது. அண்ணாச்சி ஒரு தடித்த அட்டையைக் கொடுத்து, படிக்கிற வரிக்குக் கீழே உள்ளதை எல்லாம் மூடச் சொன்னார். அப்போதுதான் பட்டது. அடுத்த வரி தெரிந்தால் கண் அங்கே ஓடும், அவ்வளவுதான் அதில் உள்ள சூட்சுமம்.

உங்கள் கட்டுரைகளில் இன்னொரு வம்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். தெரியாத சொல் ஒன்று வந்தால் உடனே இணையத்தில் தேடப் போகிறாய், அங்கிருந்து வேறொன்று, அதிலிருந்து இன்னொன்று. முக்கால் மணி நேரம் கழித்துச் சுங்கடிச் சேலை விலையில் போய் நிற்கிறாய். (நீயே சொன்னதுதான், நான் கற்பனை பண்ணவில்லை.) எங்கள் தொழிலில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவோம், மேலே போவோம். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஆசிரியர் வீட்டுக்கு ஓடினால் புத்தகம் வெளிவராது. ஒரு பகுதி முடிந்ததும் கேள்விக்குறிகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு உட்காருவோம். பாதி, அடுத்த பக்கத்திலேயே தானாகத் தீர்ந்திருக்கும். கரண்ட் பில் கட்டவில்லையே என்ற நினைப்பு நடுவில் வந்தாலும் அப்படித்தான்: பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டு வரிக்குத் திரும்பு. எழுதியதும் அது போய் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும்.

25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு என்று ஒரு முறையை உன் தோழி சொன்னதாகச் சொன்னாய். 1980-களின் கடைசியில் சிரில்லோ என்ற இத்தாலிக்காரர், மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது அது. செய்து பார், தப்பில்லை. என் ருசிக்கு அது ஒத்துவரவில்லை. மணி அடிக்குமா அடிக்குமா என்று காது அதிலேயே இருக்கும். எனக்கு நேரத்தை விட விஷயம்தான் கணக்கு. ஒரு கேலி, அதாவது பக்கம் பிரிக்காத ஒரு நீளப் புரூஃப் தாள். அது முடிந்தால் டீ. உனக்கு ஒரு படம், அதன் விளக்கம், அதைப் பற்றிய பத்தி என்று வைத்துக்கொள். அது இருபது நிமிஷத்தில் முடிந்தாலும் சரி, ஒரு மணி நேரம் எடுத்தாலும் சரி.

ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கிறேன் என்று நீ பெருமையடிக்கும்போதெல்லாம் இடலாக்குடிப் பாவலர் ஞாபகம் வரும். நம் ஊர்க்காரர், சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். இடலாக்குடியில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறதே, சின்னப்பிள்ளையில் பஸ்ஸில் போகும்போது பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பாய். 1907 மார்ச் 10, சென்னை விக்டோரியா ஹாலில் நூறு அவதானம், அதாவது ஒரே அமர்வில் நூறு விஷயத்தைக் கவனத்தில் வைப்பது, செய்து காட்டினார். சுற்றி உட்கார்ந்து ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி (கடைசி அடி) கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் நடுநடுவே மணி அடிப்பார், ஒருவர் முதுகில் நெல்லோ கல்லோ எறிவார். கடைசியில் எல்லாவற்றுக்கும் பதில் வர வேண்டும், எத்தனை மணி, எத்தனை கல் என்பது உட்பட. 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று யாரோ வம்புக்கு ஈற்றடி கொடுத்ததாகவும், அவர் அசராமல் முந்தின அடியைச் 'சத்' என்று முடித்துச் சத்துருக்கனுக்கே ராமனைத் துணையாக்கிவிட்டதாகவும் சொல்வார்கள். வரி முறிகிற இடத்தில் சொல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிற கண், சரியான புரூஃப் ரீடர் கண்!

எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், அவரும் நூறையும் ஒன்றாகக் குழைத்து அடிக்கவில்லை. அந்தந்த ஆளுக்கு முறை வரும்போது அந்த ஆளுக்கு முழுசாகப் பதில். மற்றவை உள்ளே வரிசையில் நிற்கும். அதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டியிருந்திருக்கும்! உன் லேப்டாப்பில் திறந்து கிடக்கிற முப்பது ஜன்னலும் மணி அடிக்கிற ஆட்கள்தான். நீ பாவலர் இல்லை, நானும் இல்லை. நம்மால் முடிந்தது மணி அடிக்கிறவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவது.

நானும் யோக்கியன் இல்லை. தையில் ஒரு புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கம் 41-இல் இருந்தவன் எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பலாப்பழ வைத்தியத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். போனைக் கையில் எடுத்ததே ஞாபகம் இல்லை. டெக்ஸாஸில் 2017-இல் ஒரு சோதனை செய்தார்கள். சத்தம் அடைத்துக் கவிழ்த்து வைத்த போன் மேஜையில் இருந்தவர்களைவிட, அடுத்த அறையில் விட்டுவந்தவர்கள் நன்றாகச் செய்தார்களாம். பிறகு செய்து பார்த்த எல்லாருக்கும் அதே முடிவு வரவில்லை என்றும் அந்த உளவியல் புத்தகமே சொல்கிறது. எனக்கு வந்தது. இப்போது காலையில் போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிடுகிறேன். முதல் நாள் உலை வைக்கப் போன உங்க அம்மா, அரிசி ரிங்டோன் போடுகிறது என்று அலறிவிட்டாள். மூடியைத் திறந்து, கையை விட்டு, ஒட்டிய அரிசியைத் துடைத்து எடுப்பதற்குள் எடுக்கிற ஆசையே போய்விடுகிறது. ஹாஸ்டலில் அரிசிப் பானை கிடையாது. பீரோவின் மேல்தட்டு இருக்கும்.

கோளாறு பற்றிக் கேட்டாயே, அதையும் தாண்டிப் போக மாட்டேன். ஏடிஹெச்டி என்று கவனக் குறைபாட்டுக் கோளாறு ஒன்றைச் சொல்கிறார்களே, அதற்குப் பன்னிரண்டு வயசுக்கு முன்பே அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று. எட்டு வயசில் நீ மொட்டை மாடியில் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு வெயில் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள். ஆனால் அதே எட்டு வயசில் வாரம் ஒரு ஸ்கேல் தொலைத்தவளும் நீதான். இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் போட்டு நீயும் சொல்லாதே. இது ரொம்ப நாளாகவே தொந்தரவு என்றால் மனநல டாக்டரைப் பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தைராய்டும் ரத்தசோகையும்கூட ஆளை இப்படி மந்தமாக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடு. ராத்திரி இரண்டு மணி வரை முழித்துவிட்டுக் காலையில் கவனம் இல்லை என்று புலம்பினால் எந்த டாக்டரும் முதலில் தூங்கச் சொல்லித்தான் அனுப்புவார்.

கவருக்குள் ஒரு அட்டைத் துண்டு இருக்கும், குப்பை என்று போட்டுவிடாதே. 1983-இல் வீணாய்ப்போன அந்த 600-இல் ஒன்று. வரிக்குக் கீழே வைக்க அண்ணாச்சி வெட்டிக் கொடுத்தது. ஒரு பக்கம் 'மணமகன் இல்ல' என்று பாதியில் அறுந்து நிற்கும், ஓரமெல்லாம் கை பட்டு மெழுகு போல ஆகிவிட்டது. கட்டுரையைத் தாளில் அச்சடித்து, இதை வைத்துப் படி.

அப்புறம் ஒன்று. பிரஸ்ஸில் முக்கியமான வேலை என்றால் தனியாகப் பார்க்க விடமாட்டார்கள். ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் புரூஃபைப் பார்ப்பார். 'காப்பி பிடிக்கிறது' என்போம். வாய் வாசிக்கும்போது மனசு ரொம்ப தூரம் போக முடியாது. போனால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். தினம் ராத்திரி எட்டரைக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசி. மண்ணில் இருக்கிற பாக்டீரியாவும் உன் இங்கிலீஷும் எனக்கு முக்கால்வாசி புரியாது. புரிய வேண்டியதும் இல்லை. குரல் எங்கே தட்டுகிறது என்று குறித்து வைத்துச் சொல்கிறேன், அங்கிருந்து மூன்று வரி மேலே போய் நீ மறுபடி வாசி.

அந்த நேரத்துக்கு மட்டும் போனைப் பானையிலிருந்து எடுத்து வைத்திருப்பேன். இல்லையென்றால் உங்க அம்மா எடுப்பாள்.

அன்புடன்,
அப்பா