வீட்டுக்குப் போன பிறகு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

ஏழை நோயாளிகள் நிறைய வரும் மருத்துவமனைக்குத் தர மதிப்பெண் குறைந்தால் அது யார் குற்றம் என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைப்புதான்.

போன மாதம் எங்கள் வார்டிலிருந்து இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை முடிந்து ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனார். பதினொன்றாம் நாள் மூச்சுத்திணறலோடு திரும்பி வந்துவிட்டார். மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்கப் பணமில்லை, உடன் யாருமில்லை. ஆனால் தர மதிப்பெண் போடும்போது, இப்படித் திரும்பி வருவது எங்கள் தவறாகத்தான் கணக்கில் ஏறும்.

அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் பார்த்தார்கள். குறிப்பிட்ட சில நோய்களுக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால், மருத்துவமனைக்குத் தரும் தொகையில் மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்யும் முறை 2012 அக்டோபரில் தொடங்கியது. முதலில் 1 சதவீதம் வரை, பிறகு 3 சதவீதம் வரை. வயதையும் கூடவே இருக்கும் நோய்களையும் கணக்கில் சேர்த்தார்கள், வறுமையைச் சேர்க்கவில்லை. ஏழைகளைப் பார்க்கும் மருத்துவமனைகள்தான் அதிகம் அடிபட்டன. 2016 இறுதியில் சட்டம் மாறியது. மெடிகேரோடு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டும் பெறுகிறவர்கள் எவ்வளவு பேர் என்று பார்த்து, மருத்துவமனைகளை 5 குழுக்களாகப் பிரித்து, இப்போது குழுவுக்குள்ளேயே ஒப்பிடுகிறார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை இது நியாயம். மதிப்பெண்ணிலும் வறுமைக்குச் சலுகை கொடுத்தால்தான் எனக்குப் பயம். "ஏழைகள் திரும்பி வரத்தான் செய்வார்கள்" என்று சூத்திரமே ஒத்துக்கொண்டால், அவர்களுக்குக் கிடைக்கும் மட்டமான கவனிப்பும் அதற்குள் மறைந்துவிடும். ஒரே மருத்துவமனைக்குள் வசதியுள்ளவர்கள் எத்தனை பேர், இல்லாதவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று தனித்தனியாக வெளியிட வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் "வருகிறவர்கள் அப்படி" என்று தப்பிக்க முடியாது, ஒரே கூரையின் கீழ்தானே இருவரையும் பார்க்கிறோம்.

அந்தப் பெரியவரிடம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை, நானும்தான். அது மனதை அறுக்கிறது. இப்போது டிஸ்சார்ஜுக்கு முன்னால் கேட்டு எழுதி வைக்கிறேன்: உடன் யார், மாத்திரை யார் வாங்குவார், மறுபடி வர வண்டி உண்டா. ஆனால் படிவத்தில் இதற்கு இடமில்லை, ஓரத்தில்தான் எழுதுகிறேன். உங்கள் படிவத்தில் இடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு நகல் அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி