சுபாரு நண்பர்களுக்கு எவோக்காரர்களின் நன்றி

அன்புள்ள எஸ்டிஐ (சுபாரு இம்ப்ரெசா) நண்பர்களுக்கு,

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் எங்களை முந்த வந்த நீங்களே, எங்கள் எவோ (மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன்) வண்டிகள் கடைசிச் சுற்றுவரை ஓடவும் கை கொடுத்தீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பிரேக் பேட்களுக்கு. அங்கே இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். 15ஆம் வளைவிலும் அடுத்து வரும் 1ஆம் வளைவிலும் உச்ச வேகத்திலிருந்து மிதிக்க வேண்டும். முன்பேட் தேய்ந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. எவோ 9இன் முன் டிஸ்க் 320 மில்லிமீட்டர், 2005 எஸ்டிஐயில் 326. ஆனாலும் இரண்டின் நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பருக்கும் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) ஒரே பேட்தான். பெட்டியிலிருந்த புது செட்டைக் கொடுத்ததோடு நிற்காமல் மாட்டியும் விட்டீர்கள். காலிப்பரைக் கழற்றவே இல்லை. இரண்டு பின்களையும் வெளியிலிருந்து உள்நோக்கித் தட்டி எடுத்து, பிஸ்டன்களை மெல்லப் பின்தள்ளினீர்கள். அப்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட் போய்விடும். அதற்கென்றே ஒருவர் துணியோடு நின்றார்! வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்கச் சொன்னீர்கள். பிறகு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30க்கு ஏழெட்டுத் தடவை வேகம் குறைத்து, நடுவில் எங்கும் நிற்காமல் ஓட்டி ஆறவிடச் சொன்னீர்கள். சுடச்சுட நிறுத்தி மிதித்தபடி இருந்தால் பேட்டின் படிவு டிஸ்க்கில் ஒட்டி, அப்புறம் பிரேக் அதிரும்.

கலந்துபோன வீல் நட்டுகளைப் பிரித்துத் தந்தவருக்குத் தனி நன்றி. இரண்டின் விட்டமும் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் சுபாருவின் புரி இடைவெளி 1.25, மிட்சுபிஷியில் 1.5. மாற்றிப் போட்டு ஏர்கன்னால் முடுக்கினால் ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) காலி. கையால் நாலைந்து சுற்று தடையில்லாமல் போன பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

மதியம் எங்கள் லாக்கை (எஞ்சின் கணினியின் பதிவை) படித்துச் சொன்ன நண்பரே, உங்களை மறக்க மாட்டோம். காலையில் சுத்தமாக ஓடிய அதே மேப் (எஞ்சின் கணினி அமைப்பு), டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறியதும் நாக் (எரிபொருள் முறைதவறி வெடிக்கும் தட்டல்) காட்டியது. பூஸ்ட்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) 0.2 பார் குறைத்து, இரண்டு வேகச் சுற்றுக்கு ஒரு சுற்று வண்டி ஆற மெதுவாக விடச் சொன்னீர்கள். எங்களுக்குச் சொன்னதோடு, உங்கள் எஸ்டிஐயிலும் அதே 0.2 பாரைக் குறைத்துக்கொண்டீர்கள். சுபாருவின் 2.5 லிட்டர் ஈஜே எஞ்சினில் நாக் தொடர்ந்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள பகுதி உடையும் என்பதால், நாக்கைப் பற்றி உங்களைவிடக் கவனமானவர்கள் கிடையாது.

நான்கு முறை லான்சரில் உலகப் பட்டம் வென்ற டாமி மாக்கினன், 2002இல் சுபாருவில் மாண்டி கார்லோ ராலியை வென்றார். அதே ஆண்டு நம் கரம்ஜித் சிங் உற்பத்திக் கார் பிரிவில் உலகப் பட்டம் வென்ற புரோட்டான் பெர்ட்டும் எவோவின் வழிவந்ததே. இரு தரப்புக்கும் பழைய உறவு இருக்கிறது.

மார்ஷல்களுக்கும் இழுவண்டிக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்த ஓட்டத்துக்கு எவோ வீல் ஒரு செட் கூடுதலாகக் கொண்டு வருகிறோம், உங்களுக்காக. 2005 முதலான எஸ்டிஐக்கு 5×114.3 (114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து ஸ்டட்) அப்படியே பொருந்தும், வண்டியின் ஹப் 56.1, வீலின் நடுத் துளை 67.1 என்பதால் இடையில் போட வளையங்களும் வாங்கி வைத்திருக்கிறோம். ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் வரை உள்ள தூரம்) 2005 எஸ்டிஐயின் 53க்குப் பதில் 38. சக்கரம் 15 மில்லிமீட்டர் வெளியே நிற்கும், ஃபெண்டரில் உரசுகிறதா பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாமல் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். டயர் சுற்றளவு வேறுபட்டால் சென்டர் டிஃப் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் பகுதி) சூடாகிவிடும். நட்டு மட்டும் உங்களுடையதையே போடுங்கள்.

நன்றியுடன்,
எவோ அணியினர்