இரும்புக்கையை வரைந்த கை

மன்னார்குடி

அன்புள்ள ராஜு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே சம்பா நடவு ஒருவழியாக முடிந்தது. களையெடுக்க ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. தங்கச்சி பெண்ணுக்குக் கும்பகோணத்தில் ஒரு இடம் பார்த்திருக்கிறோம், முடிவானதும் எழுதுகிறேன்.

போன வாரம் இரும்புக்கை மாயாவி மறுபதிப்பு ஒன்று கிடைத்தது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தாரே, அதே ஆசாமி. வாடகைக்குப் புத்தகம் எடுத்துவந்து திண்ணையில் தலையோடு தலை முட்டிப் படித்தோமே, வரைந்தது யார் என்று ஒருநாளாவது கேட்டிருப்போமா? கேட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. 1962-ல் இந்தக் கதை ஆங்கிலத்தில் லண்டன் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கியபோதே ஓவியர் பெயர் போடும் வழக்கம் அங்கே கிடையாது.

பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919-ல் பார்சிலோனாவில் பிறந்தவர். 1935-லேயே ‘கூட்டோ’ என்ற பொடியனை வரைந்து பேர் வாங்கிவிட்டார். அப்புறம் ஸ்பெயின் உள்நாட்டுப் போர், குடியரசுப் படை, தோல்வி, பிரான்ஸில் முகாம்வாசம். ஊர் திரும்பி மறுபடி வரைய உட்கார்ந்தார். உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள், சேர்ந்தே வேலை பார்த்திருக்கிறார்கள்.

இப்போது படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே புரட்டினேன். மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடம்பு மறைந்து கை மட்டும் நிற்கும். இல்லாத ஆளை எப்படி வரைவது? எதிரே மிரண்டு நிற்பவனின் கண்ணைப் பார், அது எங்கே போகிறதோ அங்கே மாயாவி இருக்கிறார். மீதி வேலையைக் கறுப்பு மை செய்கிறது. அன்றைய மட்டமான தாளில் அந்தக் கறுப்பெல்லாம் அப்பிப்போய், மெல்லிய கோடுகள் நம் கண்ணுக்கு வரவே இல்லை. முகங்களில் எத்தனை நுணுக்கம் இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. நடுவில் மாயாவிக்கு சூப்பர்ஹீரோ உடுப்பு மாட்டிவிட்டார்களே, அந்தக் கதைகள் எனக்கு அன்றும் ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை. ஆனாலும் வரைந்தவர் கையைக் குறை சொல்ல முடியாது.

நீ கௌபாய் காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர் கட்சி, மாயாவியைக் கிழவன் என்று கிண்டல் பண்ணுகிறவன். கடைசிக் காலத்தில் உன் டெக்ஸையும் இதே பிளாஸ்கோதான் வரைந்தார், தெரியுமா? 1995-ல் காலமானார். நம் கையில் இருந்த புத்தகம் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

உங்கள் அண்ணன் பைண்டு பண்ணிவைத்த தொகுப்பு பரணில் கிடந்தால் பொங்கலுக்கு வரும்போது எடுத்துவா. கரையான் தின்றது போக மிச்சம் இருந்தாலும் சரி.

அன்புடன்,
சேகர்