உங்கள் எசென்ஷியல் ஆயில் கிட்டில் வரும் கையேட்டை உடனே திரும்பப் பெறுங்கள்

வணக்கம்.

பில் நகல், படங்கள், உங்கள் ஆட்களோடு சாட்டில் பேசியது எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். சாட்டில் சொல்லிப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம், அதனால் எழுத்தில் தருகிறேன்.

"முதல்முறை பயன்படுத்துவோருக்கு" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டு லாவெண்டர், டீ ட்ரீ, யூகலிப்டஸ், லெமன்கிராஸ், பெப்பர்மிண்ட், லெமன் என்று ஆறு பாட்டிலும் ஒரு கையேடும் விற்கிறீர்கள். எண்ணெய்களிலும் குறை இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். பெரிய ஆபத்து அந்தக் கையேடுதான்.

மூட்டுவலிக்கு லெமன்கிராஸ் எண்ணெயை நேரடியாகத் தடவலாம் என்று அதில் இருக்கிறது. அம்மா அதைப் படித்துத்தான் முழங்காலில் தடவினார். ராத்திரிக்குள் தோல் சிவந்து தடித்து, விடிந்தபோது கொப்புளம். தோல் டாக்டர் பார்த்த உடனே கேட்டது, "எதிலும் கலக்காமலா தடவினீங்க?" லெமன்கிராஸ் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால், அது தோலை எரிக்கும், சிலருக்கு அலர்ஜியும் கொண்டுவரும். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ 30 மில்லி எடுத்தால் லெமன்கிராஸ் நாலு சொட்டுக்கு மேல் போகக் கூடாது. லாவெண்டர் மாதிரி சாதுவான எண்ணெய்க்கே அதே 30 மில்லிக்கு 12 சொட்டு, அதாவது சுமார் 2 சதவீதம் என்பதுதான் பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. புதிதாக வாங்குகிறவருக்கு முதல் பக்கத்தில் சொல்ல வேண்டிய இந்த விஷயம் உங்கள் கையேட்டில் எங்குமே இல்லை, வாசனையை அறையில் பரப்பும் டிஃப்யூசர் கருவிக்கு விளம்பரம் மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது.

இதைச் சொன்னதற்கு உங்கள் சேவைப் பிரிவு கொடுத்த பதில்: "உடம்பில் உள்ள நச்சு வெளியேறுகிறது மேடம், நிறுத்தாமல் தடவுங்கள்." கொப்புளத்தின் மேலேயா? யார் இவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது? எரிச்சல் வந்தால் நிறுத்திவிட்டுக் கழுவு என்று சொல்லப் படிப்பே தேவையில்லை.

சரி, அடுத்தது. குழந்தைக்குச் சளி பிடித்தால் மூக்கின் கீழ் யூகலிப்டஸ் தடவச் சொல்லியிருக்கிறீர்கள், வயது வரம்பே போடவில்லை. எங்கள் வீட்டில் ஊட்டியிலிருந்து வரும் நீலகிரித் தைலம் எப்போதும் இருக்கும், ஆனாலும் கைக்குழந்தை முகத்துப் பக்கம் அதைக் கொண்டுபோக அம்மா விடமாட்டார். அதில் இருக்கும் சினியோல் சின்னக் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம், தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வலிப்பு வரை போகும். அப்படியிருக்க, நீங்கள் தரும் பாட்டில் மூடியை ஒரு பிள்ளை ஒரே திருகில் திறந்துவிடும்.

தரை துடைக்கும் தண்ணீரில் டீ ட்ரீ தாராளமாக ஊற்றச் சொல்கிறீர்கள். வீட்டில் பூனை இருந்தால்? பூனையின் கல்லீரலால் இந்த மாதிரிப் பொருட்களைச் சரியாக முறிக்க முடியாது, காலில் பட்டதை நக்கியே அதற்கு விஷமாகிவிடும். எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள்.

ரூம் ஸ்ப்ரே செய்முறை இதைவிட மோசம். குழாய்த் தண்ணீரில் லாவெண்டர் கலந்து "எத்தனை நாள் வேண்டுமானாலும்" வைத்துக்கொள்ளலாமாம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, கிருமியைத் தடுக்க வேறு எதுவும் சேர்க்காமல் தேக்கி வைத்தால் அதில் பாக்டீரியா வளரும். 2021-இல் அமெரிக்காவில் இந்தியாவில் தயாரான ஒரு லாவெண்டர் ரூம் ஸ்ப்ரேயில் மெலியாய்டோசிஸ் என்ற கொடிய தொற்றுநோயின் கிருமி இருந்து, நாலு பேருக்கு நோய் வந்து இரண்டு பேர் செத்தே போனார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கு அது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

வெந்நீரில் லெமன் ஆயில் குடித்தால் சர்க்கரை நோய் குணமாகும் என்ற வரியைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தை உங்கள் வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி எண்ணெய். லேபிளில் தாவரத்தின் அறிவியல் பெயர் இல்லை, எந்த நாட்டுச் சரக்கு என்று இல்லை, பேட்ச் எண் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை. டீ ட்ரீ பழசாகிக் காற்றுப் பட்டால் அலர்ஜி உண்டாக்கும், தேதி இல்லாமல் நான் எப்படிக் கண்டுபிடிப்பது? லாவெண்டரை வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தேன், மறுநாளும் பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி கறை அப்படியே இருந்தது, சுத்தமான லாவெண்டர் என்றால் ஆவியாகிப் போயிருக்கும். டிராப்பரின் ரப்பர் குமிழ் எண்ணெய் ஆவி பட்டு இளகிப் பிசுபிசுக்கிறது, லெமன் பாட்டிலில் அது உள்ளேயே விழுந்துவிட்டது. ரப்பர் டிராப்பரோடு எசென்ஷியல் ஆயிலை வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

கிட்டின் முழுப் பணமும், அம்மாவின் டாக்டர், மருந்துச் செலவும் (ரசீது இணைப்பில்) திரும்ப வர வேண்டும். ஆறு எண்ணெய்க்கும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஜிசி-எம்எஸ் பரிசோதனை அறிக்கை வேண்டும், "100% தூய்மை" என்று அச்சடித்தவர்களிடம் அது கட்டாயம் இருக்க வேண்டுமே. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கிட்டை வாங்கிய அத்தனை பேருக்கும் "இந்தக் கையேட்டைப் பின்பற்றாதீர்கள்" என்று செய்தி அனுப்ப வேண்டும், தமிழிலும்தான், ஏனென்றால் கையேட்டைத் தமிழில்தான் போட்டிருக்கிறீர்கள்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணுக்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கூப்பன் அனுப்பிச் சமாதானம் செய்யப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்