தென்னையில் ஏற முள் காலணி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணம் சுற்றுவட்டாரத்தில் தேங்காய் பறிக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. தோப்பு வைத்திருப்பவர்களிடமாவது 45 நாளுக்கு ஒருமுறை ஆட்கள் முறை வைத்து வருகிறார்கள்; வீட்டுக் கொல்லையில் மூன்று, நான்கு மரங்கள் மட்டும் வைத்திருக்கும் என்னைப் போன்றோர் கூப்பிட்டால், "நாளைக்கு வரேங்க" என்பதோடு சரி. இதனால் சிலர் இணையத்தில் மலிவாக விற்கப்படும் முள் காலணியை வாங்கத் தொடங்கியுள்ளனர். நானும் அப்படி வாங்கி அவதிப்பட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே பட்டைகளால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாதத்தின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முள்ளை மரத்தில் குத்தி ஏறுவதற்கான கருவி இது. பட்டுப்போன மரத்திலோ வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்திலோ ஏறுவதற்குத்தான் மரம் வெட்டும் தொழிலில் இதைப் பயன்படுத்துகிறார்கள். உயிருள்ள மரத்தைக் கவாத்து செய்ய இதை மாட்டிக்கொண்டு ஏறுவதை அத்தொழில் அறிந்தவர்கள் தவறு என்றே சொல்கிறார்கள். தடித்த பட்டையுள்ள மரத்துக்கு நீண்ட முள், மெல்லிய பட்டைக்கும் கம்பத்துக்கும் குட்டை முள் என்ற வேறுபாடும் உண்டு. நான் வாங்கிய இடத்தில் இவற்றில் ஒன்றும் சொல்லப்படவில்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே தென்னையில் ஏறும் படம்தான் இருந்தது.

என் மகன் அதை மாட்டிக்கொண்டு இருமுறை ஏறினான். இரண்டாம் முறை பத்தடி உயரத்தில் இடது காலின் பட்டை தளர்ந்து முள் வழுக்கிவிட, மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே கீழே சரிந்தான். மார்பும் முன்கையும் தோலுரிந்து போயின. முழங்கால் மரத்தை ஒட்டினாலே முள்ளின் பிடி விட்டுவிடும், காலைச் சற்று விலக்கியே ஏற வேண்டும் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மரமும் தப்பவில்லை. சில வாரங்களில் முள் குத்திய துளைகளிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு கசிந்து, தண்டில் கோடு கோடாக இறங்கிக் கறுத்துக் காய்ந்தது. மாமரத்தில் காயம் பட்டால் புதுப் பட்டை வளர்ந்து மெல்ல மூடிவிடும். தென்னையின் தண்டில் அப்படி மூடும் திசு கிடையாது, ஆகவே குத்திய துளை மரம் உள்ளவரை துளைதான். சாறுவடிதல் நோயின் பூசணம் நுழைவதும், சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடி வருவதும் இத்தகைய காயங்களைத்தான். கெட்ட பகுதியைச் செதுக்கி, பூசணத்தைக் கொல்லும் போர்டோ பசையைப் பூசிவிட்டுக் காத்திருக்கிறேன்.

குறைந்த செலவில் எதையாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள், கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்பவர் வடிவமைத்த வகையைச் சேர்ந்த கருவியைப் பார்க்கலாம். இரண்டு சட்டங்களும், தண்டைச் சுற்றி வளைக்கும் எஃகுக் கம்பிவடமும் கொண்ட அதில், ஒரு சட்டத்தில் எடையை ஊன்றிக்கொண்டு மற்றதை மேலே நகர்த்தி ஏற வேண்டும். மரத்தில் ஒரு துளைகூட விழாது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியும் இத்தகைய கருவியை நம்பித்தான் நடந்தது. உட்கார்ந்தபடி ஏறும் வகையும் இருக்கிறது. எப்போதாவது ஏறுபவருக்கு அதுவே நிதானமானது என்பது என் கருத்து. அடியில் பருத்து மேலே மெலியும் தண்டுக்கேற்ப வடத்தின் வளையத்தைச் சிறிதாக்க முடிகிறதா, வடத்தில் இழை பிரிந்திருக்கிறதா, ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பழைய கருவியேகூடப் போதும். மிச்சமாகும் பணத்தை உடல் முழுவதும் அணியும் பாதுகாப்புப் பட்டிக்குச் செலவிடலாம். அதை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. இடுப்பில் கட்டிய கயிறு மரத்தைச் சும்மா சுற்றியிருந்தால், கால் வழுக்கும்போது ஆளோடு சேர்ந்து கயிறும் இறங்கிவிடும் என்பதால், எடை விழுந்ததும் தண்டை இறுக்கிப் பிடிக்கும் சுருக்கு அவசியம்.

நம் மாவட்டத்தில் மா, புளிக்கு இவை எதுவுமே தேவையில்லை. மாங்காய்க்கு வலை கட்டிய துரட்டியும், புளிக்கு ஏணியும் கயிறும் இருந்தால் வேலை முடிந்துவிடும்.

45 நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் மட்டும் பயன்படும் கருவியை ஒவ்வொரு வீடும் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. எனவே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் ஒரு கருவியையும் ஒரு பாதுகாப்புப் பட்டியையும் வாங்கி வைத்து வாடகைக்கு விட வேண்டும் என்றும், எலுமிச்சங்கிரி, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையங்கள் வீட்டுத் தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறும் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.